எடுக்காத பொட்டலம்

ஆகஸ்ட் 22, வெள்ளி

அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இந்த வாரம் ராத்திரி ஷிப்ட். இருட்டியதும் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு தறிப் பட்டறைக்குப் போனால் விடிந்துதான் வருவார்கள். வீட்டில் நானும் கலாமணி அக்காவும் மட்டும். தெரு முழுக்கத் தறிச் சத்தம் இருக்கிறது. சத்தம் இருக்கிறவரை எனக்கு ஒன்றுமில்லை. கரண்ட் போய் எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நிற்கும்போதுதான் பயம். அப்போது அக்காவின் பாவாடை நாடாவைப் பிடித்துக்கொள்வேன். ஒன்பதாவது படிக்கிற பெண் இதை வகுப்பில் யாரிடமாவது சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அதனால் இந்த நோட்டு.

இன்று பவானியிலிருந்து தெய்வானை அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணா, நம்ம கலாமணிக்குத் தங்கமான வரன் வந்திருக்குது. பேரு நல்லசிவம். இவ பாக்கற அதே டிசைன் வேலைதான். சூரத்துல பெரிய சேலைக் கம்பெனில கூப்பிட்டிருக்கறாங்களாம். கல்யாணம் முடிச்சுக் கையோட கூட்டிட்டுப் போயிருவாப்ல.”

“சூரத்தா?” என்றார் அப்பா. “அது எங்கயோ இருக்குதே தெய்வான.”

“ரயிலு போற எடந்தாண்ணா. ரயிலு போகாத எடத்துலயா குடுக்கச் சொல்றேன்?”

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்து, “என்ன கண்ணு?” என்றார்.

“உங்க இஷ்டமுங்கப்பா” என்றாள் அக்கா.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாம்பாரில் புளி அதிகம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். நல்லசிவம், அவருடைய அம்மா, அவருடைய பெரியப்பா.

அக்கா வேலை செய்கிற டிசைன் கடையில், துணியில் வர வேண்டிய பூவையும் மயிலையும் முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைவார்கள். அதைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டைகளைத் தறியில் ஏற்றினால் துணியில் அந்தப் பூ வரும். கடைக்கு அக்கா வரைவதெல்லாம் மயில்தான். மயில் பெட்ஷீட்தான் ஓடும் என்பார் முதலாளி. வீட்டில் தனக்காக ஒரு கொடி வரைந்து சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். அதைத்தான் அவர் எழுந்து போய்ப் பார்த்தார்.

“இந்தக் கொடில எலையெல்லாம் ஒண்ணு போல இல்லையே. தப்பாப் போட்டுட்டீங்களா, தெரிஞ்சே போட்டீங்களா?”

“தெரிஞ்சேதாங்க.”

“தறில ஏத்துனா எப்படி வருமுங்க?”

“தெரியலைங்க. ஏத்துனாத்தான் தெரியும்.”

அவர் சிரித்தார். “எங்க முதலாளிகிட்ட இப்படிச் சொன்னா வெளிய போடாம்பாரு” என்றார். அக்காவும் தலை குனிந்தபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். எனக்கும் அவளுக்கும் மட்டும் உள்ள சிரிப்பு என்று நினைத்திருந்தேன்.

காபி கொடுத்தது நான். அவருடைய டம்ளருக்கு மட்டும் சர்க்கரை போட மறந்துவிட்டேன். முழுக்கக் குடித்துவிட்டு, “காபி நல்லா இருந்துச்சுங்க” என்றார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தண்ணீர் வந்தது. பதினோரு குடம். இடுப்பு வலிக்கிறது. அறிவியலில் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும், குறிக்கவில்லை.

அக்கா கிராப் தாளில் கட்டங்களை எண்ணும்போது வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கிட்டே போய்க் கேட்டேன். ஏக், தோ, தீன், சார். இந்தி எதற்கு என்றேன். டிவியில் கேட்டது, வாயில் ஒட்டிக்கொண்டது என்றாள். எங்கள் வீட்டு டிவி ரிப்பேராகி ஒரு வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டில் பார்த்திருப்பாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அப்பாவால் முடிவு செய்ய முடியவில்லை. பையன் நல்ல பையன், ஊர் தூரம். பையன் நல்ல பையன், ஊர் தூரம். மூன்று நாளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். இன்று, “நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூக்கட்டிப் பாத்தரலாம்” என்றார். சொன்னதும் அவர் முகமே தெளிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் எதற்கும் அப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். மாரியம்மன் பாதத்தில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். அந்தக் குழந்தை எப்போதும் நான்தான். எங்கள் பெரியப்பா தறி வாங்கலாமா என்று கேட்டபோது சிவப்பு எடுத்தேன். வாங்கவில்லை. அடுத்த வருஷம் நூல் விலை ஏறிப் பலபேர் தறியை எடைக்குப் போட்டார்கள். அதிலிருந்து இந்துமதிக்குக் கைராசி என்று தெருவே சொல்கிறது. பாவாடை சட்டை போட்ட காலத்தில் ஆரம்பித்தது. இப்போது நான் தாவணி போடுகிறேன், ஆனாலும் யாரும் வேறு குழந்தையைத் தேடவில்லை.

சாயங்காலம் அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

“நாளைக்கு என்ற தலையெழுத்து உன்ற கைலதான் புள்ள” என்று சொல்லி ஜடையை ஒரு இழு இழுத்தாள். பிறகு, “நான் போயிட்டா ராத்திரில எப்படி இருப்பே?” என்று கேட்டாள்.

“நல்லா இருப்பேன்” என்றேன்.

“நெசமா?”

“நீ என்ன, பெரிய காவக்காரியா?”

சிரித்தாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சிவப்பு வந்தது.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை, கை வலித்தது. இன்று எழுதுகிறேன்.

அப்பா, அம்மா, அத்தை, அக்கா, நான் போனோம். பூசாரி நந்தியாவட்டையை ஒரு வாழையிலைத் துண்டிலும் செவ்வரளியை இன்னொன்றிலும் வைத்து நாரால் கட்டினார். திரைக்குப் பின்னால்தான் கட்டுவார், நாங்கள் பார்க்க முடியாது. பாதத்தில் வைத்துவிட்டு, “எடு கண்ணு” என்றார். என் கைக்குச் சிவப்பு வந்தது. கை தானாகத்தான் போகும். நான் ஒன்றும் செய்யவில்லை.

பூசாரி பிரித்துக் காட்டியதும் அத்தை, “அடக் கெரகமே” என்றார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, “ஆத்தா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அக்கா சாமியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி அக்கா நன்றாகத் தூங்கினாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

செப்டம்பர் 3, புதன்

கரண்ட் போனது. அக்கா இருந்தாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சுவரில் கொடி இல்லை. எங்கே என்று கேட்டேன். பசை விட்டுப்போச்சு, சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன் என்றாள். திரும்ப ஒட்டலாமே என்றேன். “எதுக்கு?” என்று கேட்டாள்.

மயில் வரைகிறாள். இந்த வாரம் மூன்று மயில்.

செப்டம்பர் 20, சனி

அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா ரசம் கொடுத்தனுப்பினாள். பாலத்தைத் தாண்டிப் பவானிக்குப் போனேன். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில், “ஏம்மா, கலாமணி தங்கச்சிதான நீ?” என்று ஒரு குரல். அவர்தான், நல்லசிவம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஓடிவிடலாம் என்று இருந்தது. தூக்குப்போசி கையில் இருந்ததால் ஓடவில்லை.

“அக்கா நல்லா இருக்குதா?”

“ம்.”

“அந்தக் கொடி டிசைன் தறில ஏறிருச்சா?”

“இல்லைங்க.”

“ஏத்தச் சொல்லம்மா. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். சும்மா ஏத்தச் சொல்லு. நல்லா வந்தாலும் வரும், வராட்டியும் போகுது.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போவார் என்று நினைத்தேன், போகவில்லை.

“சாமி வேண்டாம்னு சொல்லிருச்சாமா. என்ன பண்றது” என்றார். கோபமே இல்லை. பிறகு, “நீதான் எடுத்தியாமே?” என்று சிரித்தபடியே கேட்டார். “அன்னைக்குக் காபிலயே எனக்கு ஒரு சந்தேகம்.”

விளையாட்டாகத்தான் சொன்னார். பஸ் எதுவும் வராமலேயே, பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தே வந்தேன்.

அக்காவிடம் அவரைப் பார்த்ததைச் சொல்லவில்லை. கொடியை ஏற்றச் சொன்னதையும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இந்த நோட்டிலும் நான் பொய் எழுதியிருக்கிறேன்.

சர்க்கரையை மறக்கவில்லை.

கை தானாகப் போகவில்லை. அதாவது முதலில் தானாகத்தான் போனது. இடது பக்கப் பொட்டலத்தின் மேல் விரல் பட்டது. அது அமுங்கியது. நந்தியாவட்டை அமுங்கும், அரளி மொட்டு அமுங்காது. எத்தனையோ தடவை எடுத்ததில் அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தடவைகூட அதை நான் பயன்படுத்தியதில்லை. எது முதலில் விரலில் படுகிறதோ அதை எடுத்துவிடுவேன், சத்தியமாக. அன்றைக்கு வெள்ளை என்று தெரிந்ததும் எனக்கு இந்த அறைதான் கண்ணில் வந்தது. நான் மட்டும் படுத்திருக்கிற பாய். கை அந்தப் பக்கம் நகர்ந்தது.

அக்காவுக்கு நல்லதுக்குத்தான் செய்தேன் என்று மூன்று வாரமாக எனக்குள் சொல்லிப் பார்த்தேன். தெரியாத ஊர், தெரியாத பாஷை, அவள் கஷ்டப்படுவாள் என்று. ஆனால் அவள் அந்த பாஷையில் எண்ணக் கற்றுக்கொண்டிருந்தாள்.

சாமி என்னை என்ன செய்யும் என்று தெரியவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் கண் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

பள்ளி லீவு. அம்மாவுக்குத் தறி நூலைத் தார்க் கட்டையில் சுற்றிக் கொடுத்தேன். நூல் நான்கு முறை அறுந்தது. “புத்தி எங்க மேயுது?” என்றாள் அம்மா.

அக்டோபர் 12, ஞாயிறு

அக்காவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

“என்ன புள்ள?”

“சோப்பு இருக்குதா?”

“கைல இருக்கறது என்ன, வெல்லமா?”

திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

அவருக்கு இன்று பவானியில் கல்யாணம். பெண் அந்தியூர். அத்தை கல்யாணத்துக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து தாம்பூலப் பையை வைத்தார். தேங்காய், வெற்றிலை, ஒரு சாக்லேட்.

“பொண்ணு சுமாருதான். நம்ம கலாமணிக் கால் தூசி பெறாது. அடுத்த வாரமே சூரத்துக்குக் கெளம்பறாங்களாம்” என்றார்.

“அதை எதுக்கு இங்க வந்து சொல்றே?” என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

“சொல்லாட்டி என்ன? சாமி வேண்டாம்னுச்சு. அந்தப் புள்ளைக்கு வேணும்னுச்சு. அவ்வளவுதான்.”

ராத்திரிக்கு இட்லி. அக்கா அந்தத் தேங்காயை உடைத்தாள். அவளே துருவினாள், அவளே சட்னி அரைத்தாள். அப்பா, “சட்னி நல்லா இருக்குது கண்ணு” என்றார். “தேங்கா நல்ல தேங்காங்கப்பா” என்றாள். எல்லோருக்கும் இரண்டாவது தடவையும் ஊற்றினாள். தனக்கு மட்டும் பொடி போட்டுக்கொண்டாள்.

நான் இரண்டு இட்லி தின்றேன். வாந்தி வருகிறது என்று வெளியே போனேன். வாந்தி வரவில்லை, அழுகைதான் வந்தது. யாரும் பார்க்கவில்லை.

சாமி சொன்னது என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். நான் மட்டும்தான் அது சாமி இல்லை என்று தெரிந்தவள். இனி அதைத் திருப்பி வைக்க முடியாது. அந்தியூர்ப் பெண் அடுத்த வாரம் ரயில் ஏறிவிடுவாள்.

நவம்பர் 5, புதன்

அத்தை இன்னொரு வரன் கொண்டுவந்தார். நாங்கள் இருக்கிற தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, பட்டறைக்காரர் மகன்.

“பையன் எப்படி?” என்றாள் அம்மா.

“பத்துத் தறிக்காரன் மகன். வேற என்ன கேக்கோணும்?”

“பையன் எப்படின்னு கேட்டேன்.”

“ரெண்டு கை, ரெண்டு கால் இருக்குது பாவாயி. எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

அப்பாவுக்கு ரொம்ப ஆசை. பக்கத்திலேயே இருப்பாள், நினைத்தால் பார்க்கலாம். ஆனால் பட்டறைக்காரர் வீட்டு மருமகள் வேலைக்குப் போகக் கூடாது, அக்கா டிசைன் கடையை விட வேண்டும் என்று அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்களாம். அக்கா, “உங்க இஷ்டமுங்கப்பா” என்றாள். போன தடவை சொன்ன அதே வார்த்தைதான், ஆனால் குரல் எங்கேயோ கீழே இருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை பூக்கட்டுகிறார்கள். நான்தான் எடுக்க வேண்டும்.

வெள்ளை எடுத்தால் அக்கா இரண்டு தெரு தள்ளி இருப்பாள், ராத்திரி பயந்தால் ஓடிப் போய்விடலாம். இதை எழுதும்போதே என் கையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

தண்ணீர்க் குழாயில் வரிசை. எங்களுக்கு முன்னால் நிறையக் குடங்கள். நானும் அக்காவும் கவிழ்த்த குடங்கள்மேல் உட்கார்ந்திருந்தோம். அவள் திடீரென்று மெதுவாகக் கேட்டாள்.

“நாளைக்கு எதை எடுக்கறதா இருக்கறே?”

“எனக்கெப்படித் தெரியும்? கைல எது வருதோ அது.”

“போன தடவை அப்படியா வந்துச்சு?”

நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“உன்ற விரலு மொதல்ல இந்தப் பக்கம் பட்டுது. அப்பறம் அந்தப் பக்கம் நகந்துச்சு. நான் உனக்கு நேர் பின்னால நின்னேன்.”

யாரோ ஒரு அம்மா குடத்தை நகர்த்தச் சொன்னார், நகர்த்தினேன்.

“அப்பவே ஏன்க்கா சொல்லல?”

“சொல்லியிருந்தா அப்பா மறுக்காக் கட்டச் சொல்லியிருப்பாரு. வெள்ளை வந்திருக்கும். போயிருக்கோணும்.”

“உனக்குப் போகத்தான ஆசை?”

“ஆசைதான். ஆசையா இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு.” அவள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “அந்த ஊர்ல எனக்கு வேலை கெடைக்குமா, அவரு கடைசி வரைக்கும் அப்படியே சிரிச்சுட்டு இருப்பாரா, ஒண்ணும் தெரியாது. நீ கையை நகத்துனதும், அப்பாடா, இவளே முடிச்சுட்டாள்னு இருந்துச்சு. ஒரு நிமிசந்தான். கோயில் படி எறங்கறதுக்குள்ள அது போயிருச்சு. ஆனா அதுக்குள்ள அப்பா அத்தைகிட்ட வேண்டாம்னு சொல்லி முடிச்சுட்டாரு.”

“எம்மேல கோவமாக்கா?”

“இருக்குது” என்றாள். “ரொம்ப இருக்குது. உம்மேல பாதி, எம்மேல பாதி.”

எங்கள் முறை வந்தது. ஆளுக்கு ஆறு குடம் பிடித்தோம்.

நவம்பர் 7, வெள்ளி

எல்லாவற்றையும் இன்றே எழுதிவிட வேண்டும், நாளைக்கு எழுதினால் மாறிவிடும்.

பத்துத் தறிக்காரர் கோயிலுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தபடியே இருந்தார். பதில் கேட்டுக்கொண்டு போவதற்கு. உள்ளே நாங்கள் ஐந்து பேர். பூசாரி கட்டிக் கொண்டுவந்து பாதத்தில் வைத்து, “எடு கண்ணு” என்றார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“எடு புள்ள, எரும மாதிரி நிக்காத” என்றார் அத்தை.

“நான் எடுக்க மாட்டேன்.”

“என்னது?”

“போன தடவை நான் மாத்தி எடுத்தேனுங்கப்பா. மொதல்ல வெள்ளைதான் பட்டுது. விட்டுட்டுச் செவப்பை எடுத்தேன்.”

அத்தை என் வாயைப் பொத்த வந்தார். “சாமி முன்னால பொய் பேசாத!”

“பொய் அன்னைக்குப் பண்ணுனதுதானுங்க அத்தை.”

அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பூசாரியைப் பார்த்தார், பொட்டலங்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா தலை குனியவில்லை. அப்பாவுக்கு அதிலேயே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பூசாரிக்கு வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். “சரிங்க, வேற யாராச்சும் எடுங்க. சின்னப் புள்ளை வேற இருந்தாக் கூப்புடுங்க” என்றார்.

அப்பா அக்கா பக்கம் திரும்பினார். “கலாமணி, நீ சொல்லு. உனக்கு இந்த எடம் வேணுமா, வேண்டாமா?” என்றார்.

“தெரியலைங்கப்பா.”

“தெரியலைன்னா? ரெண்டுல ஒண்ணு சொல்லு கண்ணு.”

“ரெண்டுல ஒண்ணு சொல்றதுக்குத்தான் பொட்டலம் இருக்குதுங்களே. எனக்குத் தெரியலைங்கப்பா. போன தடவையும் தெரியல. தெரியலைன்னு சொல்றதுக்குப் பயந்துட்டு உங்க இஷ்டம்னேன். உங்களுக்கும் தெரியாமத்தான் இங்க வந்தோம். கொஞ்ச நாளு தெரியாமயே இருந்துட்டுப் போறேனே. அதுல என்னங்கப்பா தப்பு?”

“வெளிய மனுசன் வண்டில உக்காந்திருக்கறாரே, அவருகிட்ட என்னன்னு சொல்லட்டும்?” என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். “சாமி இன்னைக்கு ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லு” என்றார்.

பொட்டலங்களை யாரும் தொடவில்லை. பூசாரி அப்படியே எடுத்துப் பழைய பூக் கூடையில் போட்டுவிட்டார். எது வெள்ளை என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. இனித் தெரியாது.

நவம்பர் 8, சனி

அப்பா என்னோடு பேசவில்லை. சாயங்காலம் பட்டறைக்குக் கிளம்பும்போது மட்டும் கேட்டார்.

“எதுக்கு அப்படிப் பண்ணுனே?”

“அக்கா போயிட்டா ராத்திரி தனியா இருக்கோணும். பயமா இருந்துச்சுங்கப்பா.”

தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “இதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு” என்றார். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“முந்தி எடுத்ததெல்லாம்? பெரியப்பாவுக்கு எடுத்தது?”

“அதெல்லாம் கைல வந்ததுதானுங்கப்பா.”

“அப்ப அதெல்லாம் சரிதானா?”

“தெரியலைங்கப்பா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

நவம்பர் 11, செவ்வாய்

அம்மாவை மட்டும் பகல் ஷிப்டுக்கு மாற்ற முடியுமா என்று அப்பா முதலாளியைக் கேட்டாராம். முடியாது என்றாராம்.

பத்துத் தறிக்காரர் வீட்டில் வேறு இடம் பார்க்கிறார்களாம். அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

நவம்பர் 19, புதன்

அக்கா பரண்மேலிருந்து கொடியை இறக்கிக் கடை முதலாளியிடம் காட்டியிருக்கிறாள். பவானி பஸ் ஸ்டாண்டில் நல்லசிவம் சொன்னதை நான் போன வாரம் அவளிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். ராத்திரி அழுதாள் என்று நினைக்கிறேன். நான் நாடாவைப் பிடிக்கவில்லை.

முதலாளி, “ஓடுமா ஓடாதான்னு தெரியாத டிசைனுக்கு எவன் அட்டை அடிப்பான்?” என்றாராம். பிறகு சும்மா கிடந்த ஒரு தறியில் ஒரு துண்டு அளவுக்கு மட்டும் ஓட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

இன்று அந்தத் துண்டைக் கொண்டுவந்தாள். அம்மா, அக்கா, நான் மூவரும் சுற்றி நின்று பார்த்தோம். அம்மாதான் முதலில் சொன்னாள்.

“என்ன கண்ணு, மீனு போட்டிருக்கறே?”

அக்கா துணியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். இலையெல்லாம் மீனாகத்தான் வந்திருந்தது. நூலின் தடிமனைச் சரியாகக் கணக்கிடவில்லை என்றாள். கொடி ஆறு மாதிரி இருந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்புத் தண்ணீர் மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

“பரவால்ல. மீனும் நல்லாத்தான் இருக்குது” என்றாள்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லையாம். அட்டையைத் தூக்கிப் போடவும் இல்லையாம்.

நவம்பர் 25, செவ்வாய்

கோயமுத்தூரில் கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கற்றுக்கொடுக்கிற ஒரு இடம் இருக்கிறது. பகலில் வகுப்பு, சாயங்காலம் அவர்களுடைய கடையிலேயே வேலை. ஆறு மாதம். அதற்குப் பிறகு வேலை தருவார்களா என்று அக்கா கேட்டதற்கு, “இப்ப எப்படிங்க சொல்றது” என்றார்களாம். அக்கா போகிறேன் என்றாள். அப்பா, “பூ...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

நவம்பர் 30, ஞாயிறு

அக்கா போய்விட்டாள்.

பஸ் ஏற்றிவிட எல்லோரும் போனோம். அப்பா ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, டிரைவரிடம் போய் மெதுவாக ஓட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தண்ணீர்ப் பாட்டில் வாங்கப் போனாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மாதமாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன்.

“அக்கா, நான் கையை நகத்தாம இருந்திருந்தா... நீ அவருகூட நல்லா இருந்திருப்பியா?”

நல்லா இருந்திருப்பேன் என்று சொன்னால் நான் செத்துப் போவேன். இருந்திருக்க மாட்டேன் என்று சொன்னால் அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவள் இரண்டையும் சொல்லவில்லை.

“தெரியாது புள்ள. இனி அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அந்த ஒண்ணை நாம ரெண்டு பேரும் வெச்சுட்டுத்தான் இருக்கோணும்.”

“மன்னிச்சுருக்கா.”

“இன்னும் முழுசா இல்ல” என்றாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் மூக்கைத் திருகினாள். வலித்தது. பஸ் கிளம்பிவிட்டது.

நாளையிலிருந்து அப்பா அம்மாவுக்கு ராத்திரி ஷிப்ட். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள். “பக்கத்து வீட்டுல சொல்லி வெச்சிருக்கறேன். நாளைக்கு அங்க போய்ப் படுத்துக்கறயா, இல்ல நம்ம வீட்டுலயே இருந்துக்குவியா?”

இருந்துகொள்வேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போகிறேன் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

“தெரியலம்மா” என்றேன். “நாளைக்கு இருட்டட்டும். அப்பப் பாக்கறேன்.”